பாடு

டிசம்பர் 3, 2023, ஞாயிறு

திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. கோயிலில் முதல் ஊதா மெழுகுவர்த்தியை ஏற்றினார்கள். காற்று மூன்று தடவை அணைத்தது. நாலாவது தடவை உபதேசியார் பேசாமல் விட்டுவிட்டார்.

புயலுக்கு மிக்ஜாம் என்று பேர். வீட்டுக்காரர் படகை ஏற்றிக் கட்டிவிட்டு வந்தார். காட்டுப்பள்ளிக்கு போன் போட்டேன். தம்பி எடுத்தான். "வலையெல்லாம் கழிக்கரையில மேடு பார்த்து ஏத்தி, தார்ப்பாய் போட்டு மூடிட்டேன்க்கா. அம்மா செபமாலையும் கையுமா உக்காந்திருக்கு. வேற என்ன?" அதற்குள் லைன் போய்விட்டது.

டிசம்பர் 7, வியாழன்

நாலு நாளாகக் கரண்ட் இல்லை. இன்றுதான் போனுக்கு உயிர் வந்தது. தம்பி சொன்ன முதல் வார்த்தை: "தண்ணி வடிஞ்சிருச்சு. எண்ணெய் வடியல."

எனக்குப் புரியவில்லை. என்ன எண்ணெய் என்றேன். பதில் சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டான்.

டிசம்பர் 9, சனி

பழவேற்காட்டிலிருந்து காட்டுப்பள்ளிக்குக் கடலோரச் சாலையில் போனால் கிட்டம்தான். ஆனால் அலை மணலைக் கொண்டுவந்து கொட்டி, அந்தச் சாலை பாதி நாள் சாலையாகவே இருப்பதில்லை. பொன்னேரி, மீஞ்சூர் என்று சுற்றிக்கொண்டு போய்ச் சேர மதியமாகிவிட்டது.

ஆலைக் கழிவோடு கலந்த எண்ணெய் வெள்ளத்தில் கிளம்பி, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்திருக்கிறது. எது ஆறு, எது கரை என்று தெரியாதபடி வெள்ளம் ஏறியபோது எண்ணெயும் கூடவே ஏறியது. வெள்ளம் இறங்கியது. எண்ணெய் அலையாத்திச் செடியின் இடுப்பிலும் படகின் விலாவிலும் கோடு போட்டுவிட்டுத் தங்கிவிட்டது. கடலில் மட்டும் 20 சதுர கிலோமீட்டருக்குப் பரவியிருப்பதாகக் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரிலிருந்து பார்த்துச் சொல்லியிருக்கிறது. எனக்குத் தம்பியின் தார்ப்பாய் அளவுதான் தெரியும். அதை விலக்கிக் காட்டினான்.

நரம்பு வலை. கண்ணுக்குக் கண் கருப்பு ஒட்டியிருந்தது, ஈரக் கூந்தலில் தார் ஊற்றினாற்போல. மிதப்புகள் எந்த நிறம் என்று சொல்ல முடியவில்லை. ஒரு முனையை மண்ணெண்ணெயில் முக்கி அலசியிருந்தான். அந்த ஒரு முழம் மட்டும் பழுப்பாக வெளுத்திருந்தது. தொட்டேன், விரல் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டு, சீயக்காய் போட்டு, கடைசியில் தேங்காய் எண்ணெய் தடவித்தான் போனது. வாசனை இன்னும் போகவில்லை, எழுதும்போதே வருகிறது. அந்த வாசனையோடு வலையை இறக்கினால் எந்த மீன் பக்கத்தில் வரும்? வந்தாலும் யார் வாங்குவார்கள்? எண்ணூர்ப் பக்கத்து மீன் என்றாலே சந்தையில் ஒதுக்குகிறார்களாம்.

கழியில் ஆட்கள் பக்கெட்டும் மக்கும் வைத்து எண்ணெயை மொண்டுகொண்டிருந்தார்கள். பாதிப்பேர் கையில் உறைகூட இல்லை. மொள்ளுகிறவர்களும் மீனவர்கள்தான். தூரத்தில் ஒரு கூழைக்கடா, சிறகை விரிக்கப் பார்த்து, முடியாமல் நின்றது.

அம்மாவிடம் கேட்டேன்: "இன்னமும் செபமாலை சொல்றியா?" கோபத்தில் கேட்டதுதான். அம்மா நிமிரவில்லை. "வலையும் இல்ல. கைக்கு வேற வேல என்ன இருக்கு?"

டிசம்பர் 17, ஞாயிறு

மூன்றாம் ஞாயிறு. ஊதாவுக்கு நடுவே இளஞ்சிவப்பு மெழுகுவர்த்தி ஏற்றுகிற நாள், மகிழ்ச்சி ஞாயிறு என்று பேர். எண்ணெயை அள்ளி முடிப்பதாகப் பசுமைத் தீர்ப்பாயத்தில் சொல்லப்பட்ட கெடுவும் இன்றுதான். கெடு முடிந்தது. எண்ணெய் முடியவில்லை.

அம்மாவைக் கொஞ்ச நாள் இங்கே கூட்டி வந்திருக்கிறேன். தம்பியும் வந்தான். அங்கே சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்றான். சாயங்காலம் தெருவில் ஊழியக்காரர் ஒருவர் வந்தார். எந்தச் சபை என்று கேட்கவில்லை. விசுவாசத்தில் குறைவு வந்தால் கர்த்தர் தொழிலில் கை வைப்பார், மனந்திரும்பினால் இரட்டிப்பாகத் தருவார் என்று பேசினார். எனக்கு இந்தப் பேச்சுப் பிடிப்பதே இல்லை. கடவுளை வட்டிக்குக் கொடுக்கிறவராக்கிவிடுகிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டது: "எண்ணெய ஊத்துனது ஆல. பாவம் பண்ணுனது நானாப்பா?" அவர் ஒரு சிறு ஜெபத்தோடு முடித்துக்கொண்டார். டீ கொடுத்து அனுப்பினோம்.

ராத்திரி அதைவிடப் பெரிய பேச்சு வந்தது. எங்கள் பழவேற்காடு ஏரியில் பாடு உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் என்ற மூன்று ஊர்களும் முறை வைத்து, சீட்டுப் போட்டு, இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டலாம் என்று பிரித்துக்கொள்கிற ஏற்பாடு. யாருக்கும் நிரந்தரமாக நல்ல இடம் கிடையாது, நிரந்தரமாகக் கெட்ட இடமும் கிடையாது. வெளியிலிருந்து படிக்க வருகிறவர்கள் இதை வியந்து எழுதிவிட்டுப் போவார்கள். அவர்கள் அதிகம் கண்டுகொள்ளாத ஒன்று: கட்டுக்குள் இருக்கிறவனுக்குத்தான் பாடு. என் தம்பி காட்டுப்பள்ளிக்காரன். அவனுக்கு இங்கே பாடு இல்லை.

இவர் அதைச் சொல்லத் தயங்கியே உட்கார்ந்திருந்தார். தம்பிதான் எடுத்துக் கொடுத்தான்: "தெரியும் மாமா. ஊர்க் கட்டு. நான் கேக்கல."

"பாடு ஊரோடது. பங்கு என்னோடது. இந்த மாசம் எனக்கு வர்றதுல பாதி உனக்கு." இவர் ஒரு வருடத்தில் பேசுகிற பேச்சு அவ்வளவுதான்.

அம்மா எங்கோ பார்த்துக்கொண்டு, "பெரிய வெள்ளில வாசிக்கிறதும் பாடுதான்" என்றது. யோசித்துப் பார்த்தேன். மீன் பிடிக்கும் முறைக்குப் பாடு. இயேசு சிலுவையில் பட்டதும் பாடு. நாற்பது வருடமாக இரண்டையும் சொல்லியிருக்கிறேன், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. அம்மா பார்த்திருக்கிறது. முறை இன்று தம்பி வீட்டுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்பது அதன் கணக்கு. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. மழையும் புயலும் முறை வைத்து வரலாம். எண்ணெய் அப்படி வரவில்லை, அதற்கு ஆள் உண்டு. இதை அம்மாவிடம் சொன்னேன். "அந்த ஆள விடாத. கேஸ் போடு. நான் வேணாம்னனா? செபம் சொல்லிக்கிட்டே போடு."

டிசம்பர் 24, ஞாயிறு

படகு ஒன்றுக்கு 10,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்திருக்கிறது, 787 படகுகளுக்கு. தம்பி பேர் பட்டியலில் இருக்கிறதா என்று இன்னும் தெரியவில்லை. இருந்தாலும் எஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்து, படகுக்குப் பெயிண்ட் அடிக்கச் சரியாகிவிடும். வலை கடனில்தான்.

நள்ளிரவுப் பூசைக்கு முன்னால் அம்மா முழுச் செபமாலையும் சொல்லும், பழைய வழக்கப்படி. பதினைந்து தேவ இரகசியம், பத்துப் பத்தாக 150, தொடக்கத்தில் மூன்று. 2002-இல் போப் இரண்டாம் ஜான் பால் புதிதாக ஐந்து சேர்த்தது அம்மாவின் கணக்கில் இல்லை. "153" என்றது. "உயிர்த்தப்புறம் ஏரியில பிடிச்சாங்களே, அந்த மீனும் 153."

எனக்குத் தெரிந்த கதைதான். ராத்திரி முழுக்கப் போட்டும் ஒன்றும் விழவில்லை. விடியலில் கரையில் நின்றவர் சொன்ன பக்கம் போட்டார்கள். அதுவும் கடல் என்று பேர் பெற்ற ஏரிதான், நம் ஏரியைவிடச் சின்னது. நான் எப்போதும் மீன் எண்ணிக்கையில்தான் நிற்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி, பூசைக்கே சரியாக வராதவன், சட்டென்று சொன்னான்: "அதுல இன்னொண்ணு வரும்லக்கா. அத்தன மீனுக்கும் வலை கிழியலன்னு." வேதாகமத்தைப் பிரித்துப் பார்த்தேன். யோவான் 21-இல் இருக்கிறது. முதன்முதலில் பேதுருவைக் கூப்பிட்ட அன்று விழுந்த மீன்பாட்டில் வலை கிழியத் தொடங்கியது என்று லூக்கா எழுதுகிறார். கடைசியில் கிழியவில்லை. இத்தனை வருடப் பிரசங்கத்தில் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. வலையைப் பறிகொடுத்தவனுக்குத்தான் கண்ணில் பட்டிருக்கிறது.

டிசம்பர் 26, செவ்வாய்

புனித ஸ்தேவான் திருநாள். 2004-இல் இதே நாள் ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் தூக்கம் கலையாத காலையில் சுனாமித் தண்ணீர் வந்தது. அப்பாவின் படகைச் சவுக்குத் தோப்புக்குள்ளிருந்து துண்டு துண்டாக எடுத்து வந்தோம். அப்பா மறுபடி கடலுக்குப் போக ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் அம்மா என்ன சமைத்தது என்று எனக்கு நினைவில்லை. சமைத்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது. இன்று காலை கடலில் பூப்போட்டுவிட்டு வந்தோம். எல்லையம்மன் கோயில் தெருப் பெண்களும் வந்திருந்தார்கள்.

ஆண்டிக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் தம்பிக்கு நண்டு வலை இரவல் கொடுத்திருக்கிறார். பாட்டு இடங்களை விட்டு விலகி, ஓரமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று பேச்சு. விடியலில் போனான். பதினொரு நண்டு. அதில் இரண்டு முட்டை நண்டு என்பதால் திருப்பி விட்டான். மிச்சத்தை விற்று டீசலுக்குக் கொடுத்தது போக 240 ரூபாய் நின்றது.

வலையை வியாழக்கிழமைக்குள் திருப்பித் தர வேண்டும். இரண்டு இடத்தில் கண் விட்டிருக்கிறது. அம்மா திண்ணையில் ஊசியோடு உட்கார்ந்து பொத்திக்கொண்டிருக்கிறது.