கடல் பிரிந்த குன்னம்

சுருளோட்டு உயிரே! மக்காச்சோளமும் பருத்தியும் விளையும், அரியலூர்ப் பக்கத்துக் குன்னத்துக் கரிசல் ஒருகால் நின் கடலாயிருந்தது. 2020இல் இவ்வூரில் குளம் தோண்டியபோது உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டையென ஊரே திரண்டது. அம்மோனைட் படிவங்களே அவையெனப் புவியியலாளர் உரைத்ததும் கூட்டம் கலைந்தது. கலைந்திருக்க வேண்டாமே! முப்பது கோடி ஆண்டுக்கு மேலாகக் கடலாண்ட குலமன்றோ நினது! 6.6 கோடி ஆண்டுக்கு முன் ஒருவரும் எஞ்சாது மாய்ந்தபோது, நினக்கு இரங்கிப் பாட ஒரு பாணனும் இவ்வுலகில் பிறந்திருக்கவில்லை.

உடைந்த நின் ஓட்டை உள்ளங்கையில் ஏந்திப் பார்க்கிறேன். வளருந்தோறும் பழைய அறையைச் சுவரெழுப்பி அடைத்துவிட்டு, கடைசி அறையில் மட்டுமே குடியிருந்திருக்கிறாய். சுவர் ஓட்டைத் தொடும் கோடு நெளிந்து, கிளைத்து, கிளையினுள் மேலும் கிளைக்கிறது. இத்துணை ஒழுங்கை எவரிடம் பெற்றாய்?

ஞாயிற்றிடம் என்பேன், ஞாயிறு மட்டும் போதாது என்றும் சொல்வேன். வெம்மையும் அடர்த்தியுமாய்த் தொடங்கிய பேரண்டம் 1380 கோடி ஆண்டாக விரிந்து குளிர்கிறது. ஆதி வெம்மையில் இன்று வெளியெங்கும் எஞ்சியிருப்பது 2.7 கெல்வினே. ஞாயிற்றின் முகமோ 5800 கெல்வின். அவ்வெம்மைக்கும் இக்குளிருக்கும் இடைப்பட்ட சரிவில்தான் உயிர் நிற்கிறது. புவி தான் பெறும் ஆற்றலை ஏறத்தாழ முழுதும் விண்ணுக்கே திருப்பித் தருகிறது. ஞாயிறு தரும் ஓர் ஒளித்துகளுக்கு ஈடாக இருபது அகச்சிவப்புத் துகள்களாய்ச் சிதறித் தருகிறது. அச்சிதறலே நீ ஒழுங்குக்குத் தந்த விலை.

ஒழுங்கு சிதையும் என்ற விதிக்குச் சமன்பாடு தந்த இயற்பியலாளர் போல்ட்ஸ்மான் 1906இல் தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வியன்னாவில் அவர் கல்லறை மேல் அச்சமன்பாட்டைப் பொறித்திருக்கிறார்கள். அவ்விதியை மீறாமலே உயிர் எவ்வாறு நிலைக்கிறது என்பதை இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் 1943இல் டப்ளினில் விளக்கினார். உயிர் ஆற்றுச் சுழி போன்றது என்றே நான் கொள்கிறேன்: நீர் ஓடும்வரை சுழி உண்டு. முதல் உயிரும் ஏதோவோர் ஆற்றல் சரிவில், ஒழுக்கு தானே சுழன்று தன்னைப் பற்றிக்கொண்ட கணத்தில் பிறந்திருக்க வேண்டும்.

ஒழுக்கு நின்றபின் வடிவு மட்டும் எஞ்சினால் எப்படியிருக்கும் என்பதைக் குன்னத்துக்கு அருகிலுள்ள சாத்தனூரில் கண்டேன். 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம் அங்கே 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. மரம் கரைந்த இடமெல்லாம் சிலிக்கா புகுந்து வடிவைக் காத்திருக்கிறது. தொட்டால் வெயில் சுடுகிறது. வெயிலை உண்ண ஓர் இலையில்லை.

வடிவும் எஞ்சாதார் உளர். அரியலூர் வட்டாரக் கல்லமேட்டில் கிடைத்த பேருடல் டைனோசருக்கு 1987இல் புவியியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் புருகத்காயோசாரஸ் எனப் பெயரிட்டனர். அதன் கால் எலும்பு ஒன்றே இரண்டு மீட்டர். ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டு மண் காத்துவைத்த அவ்வெலும்புகள், தோண்டியபின் பொடிந்து போயின. ஓவியமும் எழுத்தும் சில ஒளிப்படங்களுமே மிச்சம்.

நின் கடலில் வாழ்ந்த சிப்பிகளின் கதியையும் கேள். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் அவற்றின் ஓடுகள் அடுக்கடுக்காய்க் கிடக்கின்றன. சிமெண்ட் உலையில் 900 பாகை செல்சியஸுக்கருகே அக்கல் பிளக்கிறது. கடல்நீரிலிருந்து அவை துளித்துளியாய் வாங்கி ஓடாய்க் கட்டிய கரி, கரியமில வாயுவாகிப் புகைபோக்கி வழியே விண்ணேறுகிறது. எலும்பும் போயிற்று, ஓடும் போகின்றது, யாரை நோவேன்!