குமரகோட்டத்தில் ஏடும் எழுத்தாணியும்

காஞ்சி மாநகரில் ஏகாம்பரநாதர் ஆலயத்துக்கும் காமாட்சி அம்பிகையின் ஆலயத்துக்கும் இடையே, மேற்கு ராஜவீதியில், குமரகோட்டம் அமைந்திருக்கிறது. அம்மையும் அப்பனும் இருபுறம் வீற்றிருக்க நடுவில் திருக்குமரன் விளங்கும் சோமாஸ்கந்த வடிவத்தை இந்த ஊரின் அமைப்பிலேயே தரிசிக்கலாம் என்று பெரியோர் கூறுவர். காஞ்சிக்கு வரும் அன்பர்களுக்குக் காமாட்சி, ஏகாம்பரர், வரதர் என்று தரிசனப் பட்டியல் நீண்டது; பட்டுக்கடைகளுக்கும் நேரம் ஒதுக்கியாக வேண்டும். அதனால் குமரகோட்டத்தில் நுழைபவர்களும் கற்பூர ஆரத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விரைந்து வெளியேறிவிடுகிறார்கள். இது சற்று உட்கார வேண்டிய கோயில். தமிழின் மிகப் பெரிய நூல்களுள் ஒன்று இங்கே உட்கார்ந்துதான் எழுதப்பட்டது.

இத்தலத்து முருகப்பெருமானுக்குப் பிரம்ம சாஸ்தா என்று பெயர். வேலும் மயிலுமாக இல்லாமல், ஜபமாலையும் கமண்டலமும் ஏந்திய தவக்கோலத்தில் அருள்பாலிக்கிறார். பிரணவத்துக்குப் பொருள் சொல்லத் தெரியாத நான்முகனைச் சிறையில் இட்டு, படைப்புத் தொழிலைத் தாமே மேற்கொண்ட கோலம் இது. உள்ளேயே உருகும் உள்ளத்தான் என்னும் இனிய திருநாமத்தோடு பெருமாளும் சந்நிதி கொண்டிருக்கிறார். அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற தலம். ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியவில்லை என்பதற்காகப் படைப்புக் கடவுளையே தண்டித்த சந்நிதியில் கவிதை எழுதத் துணிவது எளிய காரியமா?

அந்தத் துணிவு கச்சியப்ப சிவாச்சாரியாருக்குத் தானாக வந்ததன்று. காளத்தியப்ப சிவாச்சாரியாரின் திருமகனாகத் தோன்றி, வடமொழியும் தமிழும் ஆகமமும் கற்று, குமரகோட்டத்து மூர்த்தியைப் பூசிக்கும் பணியில் இருந்தவர் அவர். ஒரு நாள் கனவில் முருகன் தோன்றி, ஸ்காந்த புராணத்தின் சங்கர சங்கிதையில் வரும் தன் வரலாற்றைத் தமிழில் பாடுமாறு பணித்ததோடு, முதலடியையும் எடுத்துக் கொடுத்தருளினான் என்பது வரலாறு. அன்று முதல் நாளொன்றுக்கு நூறு பாடல்களாக அவர் எழுதி வந்தார் என்பர். உற்பத்தி காண்டம் தொடங்கி தட்ச காண்டம் வரை ஆறு காண்டங்கள், பாடல்கள் 10,345. நாள் தவறாமல் நூறு என்று கணக்கிட்டால், மூன்று மாதத்துக்கும் சற்றே மிகுதியான காலம். விருத்தப்பாவில் ஒரு நாளைக்கு நூறு என்பது எத்தகைய வேகம் என்பதை, ஒரே ஒரு வெண்பா இயற்றுவதற்கு ஒரு வாரம் தவித்தவர்கள் அறிவார்கள்.

இக்காலத்தில் நூல் எழுத விரும்புவோர் வீட்டை விட்டு அகன்று, மலையூரிலோ கடற்கரையிலோ சில நாட்கள் தங்கி எழுதும் வழக்கம் பரவியிருக்கிறது. அதற்கென்றே விடுதிகள் இருக்கின்றன. பயிற்சி முகாம்கள் நடக்கின்றன. வேளைக்கு உணவு, தொலைபேசித் தொல்லை இல்லாத அறை, சன்னலைத் திறந்தால் பச்சைப் பசேலென்ற காட்சி. குறை சொல்வதற்கில்லை, தனிமை கிடைத்தால் எழுத்து ஓடும் என்பது உண்மைதான். ஆனால் கச்சியப்பருக்கு அத்தகைய தனிமை இருந்ததாகத் தெரியவில்லை. அவர் எங்கும் போகவில்லை. மணியோசையும் அடியார் கூட்டமும் இடையறாத கோயிலில், அபிஷேகம், அலங்காரம், நைவேத்தியம் என்று வேளை தவறாத கைங்கரியத்துக்கு நடுவேதான் அவருடைய எழுத்தாணி ஓடியிருக்க வேண்டும். பணியிலிருந்து விடுப்பு எடுத்த அர்ச்சகர் என்று எந்த வரலாறும் அவரைச் சொல்லவில்லை.

அவருக்கு வாய்த்த உதவி வேறு வகையானது. அன்றன்று எழுதிய ஏடுகளை இரவு மூலவரின் திருவடியில் வைத்து நடை சாத்திவிட்டுச் செல்வார். காலையில் திருக்கதவம் திறந்து பார்க்கும்போது, சில இடங்களில் திருத்தம் செய்யப்பட்டிருக்கும். எழுதுகிறவர் யாராயினும் முதலில் வேண்டுவது நேர்மையாகப் படித்துப் பார்த்துச் சொல்லும் ஒருவரைத்தான். உற்றார் உறவினர் படித்தால் பாராட்டிவிடுவார்கள். அல்லது படிக்காமலேயே பாராட்டுவார்கள். எழுதியது எழுதியபடியே நிற்கட்டும் என்ற பிடிவாதம் இன்றி, ஒவ்வொரு இரவும் ஏட்டை வைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய மனம் கச்சியப்பருக்கு இருந்தது.

ஏட்டைச் சந்நிதியில் வைத்து ஒப்புதல் பெறும் மரபு காஞ்சிக்கு மட்டும் உரியதன்று. கோசுவாமி துளசிதாசர் 1574-ஆம் ஆண்டு ஸ்ரீராமநவமியன்று அயோத்தியில் ராமசரிதமானஸைத் தொடங்கி, பின்பு காசியில் நிறைவு செய்தார் என்பர். வடமொழியில் இல்லாமல் மக்கள் பேசும் அவதி மொழியில் ராமகதையை எழுதியதைப் பண்டிதர் பலர் ஏற்கவில்லை. விசுவநாதர் சந்நிதியில் வேதம், சாத்திரம், புராணம் எல்லாவற்றுக்கும் அடியில் அந்நூலை வைத்துக் கதவைப் பூட்டினார்களாம். மறுநாள் திறந்தபோது அது எல்லாவற்றுக்கும் மேலே, ஈசனின் ஒப்பத்தோடு இருந்ததாம். காசி யாத்திரை செல்வோர் அஸ்ஸி கட்டத்தை அடுத்துள்ள துளசி கட்டத்தில் அவர் வாழ்ந்த இடத்தை இன்றும் காணலாம்.

குமரகோட்டத்துக்குத் திரும்புவோம். நூல் நிறைவெய்தியது, அரங்கேற்றத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. சுற்றுவட்டாரத்துப் புலவர்களும் சிவனடியார்களும் பெருங்குடி மக்களும் மண்டபத்தில் நிறைந்திருக்க, கச்சியப்பர் காப்புச் செய்யுளின் முதற்சொல்லைச் சொல்லி விளக்கத் தொடங்கினார். அந்தச் சொல்லிலேயே தடை எழுந்தது. 'திகழ்' என்பதோடு 'தச' என்பது சேரும்போது ழகர ஒற்றும் தகரமும் கூடி டகரமாகத் திரிந்திருந்தது. இப்படிப் புணர்வதற்கு இலக்கணத்தில் விதி எங்கே என்று ஒரு புலவர் எழுந்து கேட்டார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் வரிசையில் காத்திருக்க, முதற்சொல்லைத் தாண்ட முடியவில்லை.

"இந்த அடி எம்பெருமான் எடுத்துக் கொடுத்தது" என்றார் கச்சியப்பர். அவையோர் அதற்கு இணங்கவில்லை. முருகன் தந்தது உண்மையானால், விதியையும் முருகனே வந்து காட்டட்டும் என்றார்கள். இக்கதையைக் கேட்பவர்கள் பொதுவாக அந்தப் புலவர்களின் மேல் கோபம் கொள்வது வழக்கம். அது சரியில்லை. இறைவன் பெயரைச் சொன்ன அளவில் இலக்கணத்தை விட்டுக்கொடுத்துவிடாமல் அவர்கள் விதி கேட்டார்களே, அதனால்தான் அவர்கள் ஏற்றுக்கொண்டபின் அந்நூலுக்கு மதிப்பு நிலைத்தது. தலையாட்டுவதற்கென்றே கூடிய அவையாக இருந்திருந்தால் அரங்கேற்றம் என்ற சொல்லுக்கே பொருள் இருந்திராது.

அன்றைய அவை கலைந்தது. கச்சியப்பர் மனம் நொந்து, சந்நிதியில் முறையிட்டுக் கிடந்தார். அவருடைய கனவில் முருகன் தோன்றி, சோழநாட்டிலிருந்து ஒருவர் வருவார், கவலற்க என்று தேற்றினான். மறுநாள் அவை கூடியபோது முன்பின் அறியாத புலவர் ஒருவர் கையில் ஒரு நூலோடு வந்தார். அது வீரசோழியம். அதன் சந்திப் படலத்தில் அந்தப் புணர்ச்சிக்கு விதி இருப்பதை எடுத்துக் காட்டினார். தடை நீங்கி எல்லோரும் வியந்திருக்கையிலேயே வந்தவரைக் காணவில்லை.

வீரசோழியம் 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் இயற்றப்பட்ட இலக்கண நூல். இயற்றியவர் புத்தமித்திரனார் என்னும் பௌத்தர். சிவாச்சாரியார் ஒருவர் பாடிய முருகன் புராணத்துக்கு ஒரு பௌத்தரின் நூல் சான்றாக வந்து நின்றது என்பதை மரபுக்கதை சிறிதும் மறைக்கவில்லை. தமிழ் என்று வந்துவிட்டால் நம் முன்னோர்க்கு அவ்வளவு விசாலமான மனம் இருந்தது.

அரங்கேறிய மண்டபம் இன்றும் கோயிலுக்குள் இருக்கிறது. நூலோ கடலையும் கடந்து சென்றது. யாழ்ப்பாணத்துச் சைவக் கோயில்களில் கந்தபுராணத்தை ஒருவர் இசையோடு படிக்க, மற்றொருவர் பயன் சொல்லும் புராணபடனம் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. அம்மக்களின் வாழ்வை இந்நூல் எவ்வளவு ஆழமாகப் பற்றியிருக்கிறது என்பதைக் கண்டு, பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அதைக் கந்தபுராண கலாசாரம் என்றே குறித்தார்.

ஊரையும் பதவியையும் விட்டுச் சென்று எழுதியவரும் நம் மரபில் உண்டு. குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார் பெருமான் அநபாய சோழனுக்கு முதலமைச்சராக விளங்கியவர். இரண்டாம் குலோத்துங்கனே (1133–1150) அந்த அநபாயன் என்பர். மன்னன் சீவகசிந்தாமணியில் ஈடுபட்டிருப்பதைக் கண்டு, சிவனடியார் வரலாற்றைக் கேட்பதே இம்மைக்கும் மறுமைக்கும் உறுதுணை என்று அமைச்சர் எடுத்துரைத்தார். அப்படியானால் நீரே அதை நூலாகச் செய்யும் என்று மன்னன் பொருள் கொடுத்து அனுப்பிவைத்தான். நூல் எழுதுவதற்காக அரசன் செலவில் ஒருவர் ஊர் விட்டு ஊர் சென்று தங்கியதற்கு இதைவிடப் பழைய, தெளிவான சான்று தமிழில் காண்பது அரிது.

தில்லைக்குச் சென்றவர் கூத்தப்பிரானை வணங்கி நிற்க, அசரீரியாக முதற்சொல் கிடைத்தது. ஆயிரங்கால் மண்டபத்தில் அமர்ந்து எழுதினார். சுந்தரர் அருளிய திருத்தொண்டத் தொகையும் நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியும் அவருக்கு அடிப்படையாக இருந்தன. ஆயினும் நாயன்மார்களின் ஊர், வயல், ஆறு, தெரு என்று அவர் வருணிக்கும் துல்லியத்தைப் பார்க்கும் ஆராய்ச்சியாளர்கள், அமைச்சராக நாடெங்கும் சென்றபோதே இவற்றைத் திரட்டியிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். மண்டபத்தில் அமர்ந்த நாளுக்கு வெகு முன்பே அவர் கால்கள் எழுதத் தொடங்கிவிட்டன. அரங்கேற்றமோ சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி, அடுத்த ஆண்டுச் சித்திரைத் திருவாதிரை வரை நடந்தது. கேட்பதற்கே ஓராண்டு! முடிவில் ஏட்டையும் சேக்கிழாரையும் யானைமேல் ஏற்றி, மன்னன் தானே பின்னால் அமர்ந்து கவரி வீசினான் என்று சேக்கிழார் புராணம் சொல்கிறது. சிவகங்கைத் தீர்த்தத்தின் கிழக்கே ராஜசபை என்று வழங்கும் அம்மண்டபம் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் நடராஜப்பெருமான் எழுந்தருளும் இடம். கூட்டத்துக்கு அஞ்சும் முதியவர்கள் மற்ற நாட்களில் வெளியே நின்று வணங்கலாம்.

திருவரங்கத்தில் தாயார் சந்நிதிக்கு அருகே, மேட்டழகிய சிங்கரை நோக்கியவாறு நிற்கும் சிறிய மண்டபம் கம்பர் தம் ராமாயணத்தை அரங்கேற்றிய இடம். வான்மீகத்தில் இல்லாத இரணியன் கதையைச் சேர்த்ததற்கு அங்கேயும் தடை எழுந்தது. சிங்கப்பிரானே சிரித்துத் தலையசைத்து ஒப்பினார் என்பது அங்குள்ள மரபு.

இவ்விடங்களுக்கெல்லாம் யாத்திரையாகச் செல்லும் முதியவர்களுள் எழுதும் ஆசையைப் பல ஆண்டுகளாக உள்ளே வைத்திருப்பவர்கள் அநேகர். தம் கிராமத்துக் கோயிலின் தலபுராணத்தைப் பாட்டி சொல்லக் கேட்டவர்கள், நின்றுபோன திருவிழா எந்த முறையில் நடந்தது என்று அறிந்தவர்கள், அடுத்த தலைமுறையில் எவருக்கும் தெரியாத கும்மிப்பாட்டை இன்றும் மறவாதவர்கள். யார் படிக்கப் போகிறார்கள், இலக்கணப் பிழை வந்துவிட்டால் என்ன செய்வது என்ற தயக்கத்திலேயே அவர்களில் பலர் ஒரு நோட்டுப்புத்தகம்கூட வாங்குவதில்லை. பிழை பற்றிய அச்சம் முருகன் அடியெடுத்துக் கொடுத்தவரையே ஓரிரவு தூங்கவிடவில்லை. ஏட்டில் ஏறாமல் போன தலபுராணத்தைத் திருத்தித் தர மட்டும் யாராலும் முடியாது.

காஞ்சிக்குச் செல்வோர் காலையில் காமாட்சி அம்பிகையைத் தரிசித்துவிட்டுக் குமரகோட்டத்துக்கு நடந்தே போய்விடலாம். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் சற்று முன்னதாகச் செல்வது நலம். கந்தபுராணத்தின் ஒரு பகுதியைக் கையோடு கொண்டுசென்று அரங்கேற்ற மண்டபத்தில் அமர்ந்து பாராயணம் செய்ய விரும்புவோர், வள்ளியம்மை திருமணப் படலத்தை எடுத்துக்கொள்ளலாம். தட்ச காண்டத்தின் இறுதியில், நூலின் கடைசிப் படலமாக அமைந்திருப்பது அது. வரிசை மாறாமல் எழுதியிருந்தால், கச்சியப்பர் எழுத்தாணியைக் கீழே வைக்குமுன் கடைசியாகத் திருவடியில் வைத்த ஏடுகள் அவையே.