அசையாமல் நின்ற படம்

சென்ற வாரம் மாலை விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் மலர்க் குழுவினர் என்னைப் பிடித்துக்கொண்டனர். "கவிதை எழுதப் பலர் இருக்கிறார்கள்; விஞ்ஞானம் படிக்கிறவர் ஒருவராவது எழுத வேண்டாமா?" என்றனர். எழுதுவதற்கு என்னிடம் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. பட்ட அவமானம் ஒன்று உண்டு. அதையே எழுதுகிறேன். இவ்வாண்டு புதிதாய் வந்திருக்கும் நம் தம்பி தங்கையருக்கு அது பயன்படலாம்.

நான் விருதுநகருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூர்க்காரன். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழிலேயே படித்தவன். இயற்பியல் முதுகலைக்கு இங்கு வந்தபோது பாடம் என்னை அச்சுறுத்தவில்லை, பேச்சுத்தான் அச்சுறுத்தியது. இந்தி தெரியாது. ஆங்கிலம் ஏட்டில் வரும், நாவில் வராது. செமினார் என்றால் முதல்நாள் இரவே உறக்கம் போய்விடும்.

இந்த நோய்க்கு நானே கண்டுபிடித்துக்கொண்ட மருந்துதான் வீடியோ. ஸ்லைடில் ஒரு வீடியோவைச் செருகிவிட்டால், அது நாற்பது நொடி ஓடும். அந்த நாற்பது நொடியும் நான் வாய் திறக்க வேண்டாம். இப்படி நான்கு வீடியோ வைத்தால் பாதிப் பொழுது கழிந்துவிடும். முதலாண்டில் இரண்டு செமினார்களை இவ்வாறே கடந்தேன். 'படங்கள் நன்று' என்று பாராட்டும் கிடைத்தது. பேச்சு எப்படி என்று எவரும் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாம் ஆண்டுத் திட்டப்பணிக்குப் பிரௌனியன் இயக்கத்தை எடுத்துக்கொண்டேன். நீரில் மிதக்கும் நுண்துகள் தானே நடுங்கிக்கொண்டிருப்பதை 1827-இல் இராபர்ட் பிரௌன் கவனித்தார். கண்ணுக்குத் தெரியாத நீர் மூலக்கூறுகள் நாற்புறமும் மோதுவதால் வரும் நடுக்கம் அது என்பதற்கு 1905-இல் ஐன்ஸ்டைன் கணக்குத் தந்தார். ஒரு மைக்ரான் விட்டமுள்ள பாலிஸ்டைரீன் மணிகளை நீரில் இட்டு, நுண்ணோக்கி வழியே வீடியோ எடுத்து, அந்தக் கணக்கைச் சரிபார்ப்பதே என் வேலை.

640-க்கு 480 புள்ளிகள், நொடிக்கு 30 படங்கள், சுருக்கப்படாத கறுப்பு வெள்ளை வீடியோ. நொடிக்கு 92 இலட்சம் பைட்டுகள் ஆகின்றன. நாற்பது நொடிக்கு ஏறத்தாழ 37 கோடி. இதைச் சேர்த்தால் கோப்பு மின்னஞ்சலில் போகாது. ஆகவே பவர்பாயின்டில் வீடியோவைச் செருகும்போது 'இணைப்பு மட்டும்' என்ற வகையைத் தேர்ந்தேன். கோப்பு சிறுத்துவிட்டது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு, அதைப் பென் டிரைவில் ஏற்றி மதிப்பீட்டு அறைக்குச் சென்றேன்.

ஐந்தாவது ஸ்லைடு வந்தது. மணிகள் திரையில் தெரிந்தன. மவுஸை அழுத்தினேன். அசையவில்லை. மீண்டும் அழுத்தினேன். அப்படியே நின்றன. பிரௌனியன் இயக்கம் என்று தலைப்பு. கீழே இயக்கமே இல்லை! பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. என் கைதான் நடுங்கிற்று.

தேர்வாளர்களுள் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றி, "படம் கிடக்கட்டும். நீர் பார்த்ததைச் சொல்லும்" என்றார்.

சொல்வதற்கென்று ஒரு வாக்கியம்கூட நான் ஆயத்தம் செய்திருக்கவில்லை. அரை நிமிடம் வாய் உலர நின்றேன். அப்போது ஊர்ப் பங்குனிப் பொங்கல் நினைவுக்கு வந்தது. ஐந்து வயதில் அந்தக் கூட்டத்தில் அம்மாவின் கையை விட்டுவிட்டேன். எவரும் வேண்டுமென்று என்னைத் தள்ளவில்லை. ஆயினும் ஒருவர் இப்புறம் இடிக்க, மற்றொருவர் அப்புறம் இடிக்க, நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. அரைமணி நேரம் அலைக்கழிந்த பின் அம்மா என்னைக் கண்டெடுத்தது, கையை விட்ட வளையற்கடைக்குப் பத்தடி தூரத்தில்தான்.

இதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். என் மணியும் அப்படித்தான் என்றேன். ஒரு திசையில் சராசரியாக ஒரு நொடியில் ஒரு மைக்ரான் நகர்கிறது. நான்கு நொடியில் நான்கு மைக்ரான் அன்று, இரண்டே. நூறு நொடியில் பத்தே என்றேன். இலக்கணம் எத்தனை இடத்தில் இடறியதோ, அறியேன். சிரிப்பு நின்றுவிட்டது. மூத்தவர் மூன்று கேள்விகள் கேட்டார். மூன்றுக்கும் விடை சொன்னேன்.

அன்றிரவு விடுதியில் நாகர்கோவில் அண்ணன் ஒருவர் என் கோப்பைத் திறந்து பார்த்துச் சிரித்தார். "தம்பி, நீ படத்தைக் கொண்டுபோகவில்லை, படத்தின் விலாசத்தைத்தான் கொண்டுபோயிருக்கிறாய்" என்றார். விஷயம் அவ்வளவே. இணைப்பு வகையில் வீடியோ நம் கணினியிலேயே தங்கிவிடும். அது இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே ஸ்லைடோடு போகும். முதற்படம் மட்டும் சித்திரமாக ஒட்டிக்கொண்டிருப்பதால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும்.

அவர் கற்பித்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பவர்பாயின்ட் 2010 முதல், வீடியோவைச் சாதாரணமாகச் செருகினாலே அது கோப்புக்குள் பதிந்துவிடுகிறது, அதையே செய்யுங்கள். ஐயம் இருந்தால் கோப்பின் நகல் ஒன்றை எடுத்து, பெயரின் முடிவிலுள்ள 'பிபிடிஎக்ஸ்' என்பதை 'ஜிப்' என மாற்றித் திறந்தால், உள்ளே 'மீடியா' என்ற உறையில் வீடியோ இருப்பதைக் கண்ணாரக் காணலாம். பருமனைக் குறைக்க, வீடியோவை முன்னதாகவே எம்பி4 ஆக மாற்றிக்கொள்க. ஆனால் எம்பி4 என்பது பெட்டியின் பெயர். உள்ளிருக்கும் சுருக்கமுறை எச்.264 ஆக இருந்தால்தான் பெரும்பாலான கணினிகளில் ஓடும். சில கைப்பேசிகள் எடுக்கும் எச்இவிசி எல்லா இடத்திலும் ஓடாது. பிடிஎஃப் ஆக மாற்றினால் வீடியோ வெறும் படமாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பேசப்போகும் அறையின் கணினியிலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

இறுதித் தேர்வில் ஒரே ஒரு வீடியோ வைத்தேன், பத்து நொடி. எதைப் பார்க்க வேண்டும் என்பதை முதலில் வாயால் சொன்னேன், பிறகே ஓட்டினேன். அருகில் மணி சென்ற வழியைப் புள்ளிகளாக இட்டுக் கோட்டால் இணைத்த படம் ஒன்றும் வைத்திருந்தேன். முப்பது நொடிக்கு ஒருமுறை துகளின் இடத்தைக் குறித்து, இத்தகைய படங்களைக் காகிதத்தில் வரைந்தவர் ழான் பெரென். அணு உண்டு என்று உலகம் ஒப்புக்கொள்ள அவருடைய அளவீடுகள் பெருந்துணை ஆயின. 1926-இல் அவர் நோபெல் பரிசு பெற்றார். வீடியோ நின்றாலும் அந்தக் கோட்டுப்படம் எனக்கு உதவியிருக்கும்.

இம்முறை வீடியோ ஓடிற்று. நண்பர்களே, உண்மையைச் சொன்னால், அது ஓடாது போயிருந்தாலும் நான் அஞ்சியிருக்கமாட்டேன். நம்மில் பலர் பேச அஞ்சிப் படத்தின் பின்னே ஒளிந்துகொள்கிறோம். படம் நம் சொல்லுக்குச் சாட்சியாக வரட்டும். நமக்குப் பதிலாக வர வேண்டாம்.