இளங்குதிரையும் சுது கங்கையும்



பிள்ளைகளுக்கு நீச்சலும் அம்பெய்தலும் குதிரையேற்றமும் கற்றுக்கொடுக்கச் சொன்னதாக உமர் (ரலி) அவர்களின் பெயரால் ஒரு சொல்லை பயான்களில் அடிக்கடி கேட்கிறோம். அம்பை விடுவோம். குதிரை என்றால் நம்ம மாத்தளைப் பிள்ளைகளுக்கு, நுவரெலியா டிரிப்பில் கிரகரி வாவியோரம் ஏறி எடுத்த ஒரு போட்டோ. நீச்சலும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் இளங்குதிரையைத் தண்ணீருக்குப் பழக்குகிறவர்களின் முறையை வாசித்தபோது, இது நம்ம வீட்டு வாப்பாமாருக்கும் சொல்லவேண்டிய விஷயம் என்று பட்டது.

இளங்குதிரை மழைத்தண்ணீர் தேங்கிய இடத்தைக் கண்டும் மிரளும். அது பிடிவாதம் இல்லை. தன் மூக்குக்கு நேர் கீழே இருப்பது அதற்குத் தெரியாது. பளபளக்கும் நீரின் ஆழமும் விளங்காது. ஓடித் தப்பும் பிராணிக்குக் கால்தான் உயிர். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் சின்னத் தேக்கத்தில்தான் தொடங்குவார்கள். பிறகு சேறில்லாத, அடி உறுதியான, கணுக்கால் அளவு ஓடை. பழகிய கிழட்டுக் குதிரை ஒன்று முன்னால் நிதானமாக இறங்கும். கடிவாள வாரைத் தளர்த்தி, இளசைக் குனிந்து மோந்து பார்க்க விடுவார்கள். எவ்வளவு நேரமும் நிற்கட்டும், திரும்பி ஓட மட்டும் விடுவதில்லை. ஒரு கால் வைத்தாலே தட்டிக்கொடுத்து, அன்றைக்கு அது போதும் என்று முடிப்பதும் உண்டு.

சிலது இறங்காமல் ஒரே பாய்ச்சலாகப் பாயும். மேலே இருப்பவர் பிடரிமயிரைப் பிடித்துக்கொள்வார், வாரை இழுக்கமாட்டார். இழுத்தால் வாய் வலிக்கும். அடுத்த தரம் தண்ணீரைக் கண்டதும் அந்த வலிதான் ஞாபகம் வரும். நீருக்குள் நின்று முன்காலால் அடித்துத் தெறிக்கவைத்தால் ரசித்துக்கொண்டு இருக்கவும் கூடாது. அடுத்ததாகப் படுத்துப் புரளும், ஆளோடு சேர்த்து! உடனே நடத்திவிட வேண்டும். தலை உயராமல் கட்டும் வார் ஒன்று சில குதிரைகளுக்கு உண்டு. ஆழமான நீருக்கு முன் அதைக் கழற்றியே ஆகவேண்டும். நீந்துகிற குதிரைக்கு மூக்கை உயர்த்த இடம் வேண்டும்.

சவுக்கால் அடித்தும் இறக்கலாம். இறங்கும். ஆனால் அது பழகியது தண்ணீருக்கு அல்ல, அடிக்கு.

"பயம் தெளியட்டும்" என்று ஐந்து வயதுப் பிள்ளையைத் தூக்கி ஆற்றில் போடுகிறவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். சில பிள்ளைகள் அதன்பின் தண்ணீர்ப் பக்கமே போவதில்லை. அவர்களைப் பற்றிக்கூட எங்களுக்கு அவ்வளவு கவலையில்லை. பயந்ததைக் காட்டினால் கேலி செய்வார்கள் என்று, நீந்தத் தெரியாமலே கூட்டாளிமாரோடு குதிக்கிற பிள்ளைகள்தான் எங்கள் கவலை.

அதிலும் நம்ம சுது கங்கை. பொல்கொல்லையில் மறிக்கும் மகாவலி நீர், 1976 முதல், சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கம் வழியாக உக்குவளை மின்நிலையத்துக்கு வந்து, இந்த ஆற்றில்தான் விழுகிறது. மாத்தளையில் ஒரு துளி மழை இல்லாமலும் ஆறு ஏறும். காலையில் முழங்கால் அளவு நின்ற இடம் பின்னேரம் அப்படி இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. குதிரைக்காரர் தான் முதலில் அடி பார்த்த துறையில்தான் இளசை இறக்குவார். நாமோ பிள்ளைகளைத் தனியே அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கிறோம்.

லீவு வருகிறது. வாப்பாமாரே, மாமாமாரே, மின்நிலையத்துக்குக் கீழே ஆற்றில் பழக்க வேண்டாம். வேறு எங்கே என்றாலும் நீங்கள் முன்னால் இறங்குங்கள். பெண் பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள். உடுப்புத் துவைக்க ஆற்றுக்குப் போவது பெரும்பாலும் அவர்கள்தான். பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் பெற்றாரும் சேர்ந்து, ஒரு நீச்சல் தடாகத்தில் பெண்களுக்குத் தனி நேரம் கேட்டுப் பார்க்க முடியுமா? பயிற்றுவிக்கத் தெரிந்த சகோதரிகள் இருந்தால் கீழே எழுதுங்கள். பெயர்ப் பட்டியலை நாங்கள் எடுக்கிறோம்.