அடியும் பிடியும்

சிவகாசியில் அச்சகம் நடத்திவரும் நண்பர் ஒருவர், தம்மிடம் அச்சாகிக்கொண்டிருந்த சிலம்பப் போட்டிச் சுவரொட்டியைக் காட்டி, இதில் பரிசு பெறப்போகிற பிள்ளைகளைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதிவிடும், அந்தியில் அவர்களுக்கு வித்தை சொல்லிக்கொடுத்துவிட்டு விடிவதற்கு முன்னே வெடி ஆபீசுக்கு மருந்து கலக்கப் புறப்படுகிற வாத்தியாரைப் பற்றி யார் எழுதுவார்கள் என்று கேட்டார். அதன்பேரிலேதான் வெம்பக்கோட்டைச் சாலையிலிருந்து பிரிந்து போகும் ஒரு கரிசல் கிராமத்துக்கு அவருடன் சென்றேன்.

வாத்தியாருக்கு அறுபது பிராயம் கடந்திருக்கும். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் ஊன்றிய பிறகு, மழையை நம்பி வானம் பார்த்துக் கிடந்த இந்தப் பூமியின் குடும்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அந்தத் தொழிலிலும், பின்னர் வந்த பட்டாசிலும் ஜீவனோபாயம் தேடிக்கொண்டன. இவருடைய குடும்பமும் அவற்றில் ஒன்று. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய தாய்மாமனே இவருக்குச் சிலம்ப ஆசான். ஊர்ப் பொதுவில் பகல் முழுவதும் வாய் திறவாத அந்த மனிதர், இருட்டியபின் ஊருணிக் கரையில் கம்பைக் கையில் எடுத்தவுடன் வேறு ஆளாகிவிடுவார் என்று வாத்தியார் சொன்னபோது, நாற்பது வருஷங்களுக்கு முன் மறைந்துபோன ஒருவரைக் குறித்து அவர் குரலில் இன்னும் ஒரு பயம் இருந்தது.

சிலம்பத்தில் கம்பு மட்டுந்தான் உண்டு என்று நினைப்பவர்கள் அநேகர். கம்பைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையால் குத்தும் உதையுமாகப் பயில்வது குத்துவரிசை. எதிராளியின் கையையோ கழுத்தையோ அவன் ஏந்திய கம்பையோ பற்றி, மடக்கி, மூட்டைப் பூட்டி, அவனை அசையவொட்டாமல் செய்வது பிடிவரிசை. சலாம் வரிசை, சுவடுகள், வீடு கட்டும் முறைகள் ஆகிய வணக்க, காலடிப் பாடங்களையெல்லாம் வாத்தியார் பொறுமையாக எனக்கு விளக்கினார். அவற்றின் நுட்பங்கள் பழகிய கால்களுக்கே புலப்படக்கூடியவை. ஆனால் ஒரு பிடியை மட்டும் கண்ணால் பார்த்தமாத்திரத்தில் புரிந்துகொண்டேன். ஒரு பையன் தலையை நோக்கிக் கம்பை வீச, எதிரே நின்ற பெண் பிள்ளை பின்வாங்காமல் முன்னே பாய்ந்தாள். சுழலும் கம்பின் வேகமெல்லாம் அதன் நுனியில்தான். பிடித்திருக்கும் கைகளின் அருகே அதற்கு வலுவில்லை. அந்த இடத்துக்குள் புகுந்து, அவனுடைய இரண்டு கைகளுக்கும் நடுவே கம்பைப் பற்றி ஒரு திருகு திருகினாள்; முழங்கை மடங்கி அவன் மண்டியிட்டான். ஒருவர் மேலும் ஒரு கீறல் இல்லை.

"வாத்தியாரய்யா, இதுக்கு எத்தனை பாயின்ட்?" என்று அவள் கேட்டாள்.

"பாயின்ட் கிடையாது தாயி. கையை விட்டுராத."

நான் அங்கே அறிந்துகொண்ட விஷயங்களில் என் மனத்தை மிகவும் வருத்தியது இதுதான். இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் போகிற போட்டிகளில் கம்பு உடம்பில் பட்டால் மதிப்பெண். பிடித்தால் ஒன்றுமில்லை, நடுவர் வந்து விலக்கிவிடுவார். கம்பின் நுனியில் சாந்தைத் தடவிக்கொண்டு ஆடி, எவன் உடம்பில் அதிகப் பொட்டு விழுந்திருக்கிறது என்று எண்ணித் தீர்ப்புச் சொல்லும் பழைய வழக்கத்தின் வழிவந்ததுதான் இந்தத் தொடுமுறை. அதில் பிழை இல்லை. ஆனால் முன்பெல்லாம் அது வித்தையின் ஓர் அங்கத்துக்கு மட்டுமே வைத்த பரீட்சையாக இருந்தது. இன்றைக்கு அதுவே முழுப் பரீட்சையாகிவிட்டபடியால், பரீட்சையில் கேட்கப்படாத பாடத்தைப் பிள்ளைகள் படிப்பதில்லை, பெற்றோரும் கேட்பதில்லை.

அடிப்பவன் பெரியவனா, பிடிப்பவன் பெரியவனா என்பது உலகமெங்கும் உள்ள விவாதம். 1976 ஜூன் மாதம் டோக்கியோவில் குத்துச்சண்டை வீரர் முகம்மது அலியும் ஜப்பானிய மல்லர் அன்டோனியோ இனோக்கியும் மோதியபோது, இனோக்கி பெரும்பாலும் தரையில் படுத்தபடியே அலியின் கால்களை உதைத்துக்கொண்டிருக்க, பதினைந்து சுற்றுகளும் கழிந்து பந்தயம் சமநிலையில் முடிந்தது. 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில், எடைப்பிரிவு எதுவும் இல்லாமல் நடந்த பந்தயத்தில், பிரேசில் நாட்டு ராய்ஸ் கிரேசி தம்மைவிடப் பாரம் மிகுந்த மூவரை ஒரே இரவில் பிடியாலேயே பணியவைத்தார்; அவர்களில் முதலாமவர் ஒரு குத்துச்சண்டை வீரர். இந்த இரண்டு பந்தயங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது, கலைகளுக்குள் உயர்வு தாழ்வைத் தீர்மானிப்பதில் பந்தயத்தின் விதிக்கு இருக்கும் பங்கு பிரத்தியட்சமாகிறது. விதி எதை எண்ணுகிறதோ அது வளரும்.

நம் முன்னோர் பிடியை எண்ணாமல் விட்டவர்கள் அல்லர். ஆமூர் மல்லனைச் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி வென்ற காட்சியைப் புறநானூற்றில் பாடிய சாத்தந்தையார், ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்த மற்றொரு கால் பின்புறம் அவன் உபாயத்தைத் தடுத்துக்கொண்டிருந்ததை எவ்வளவு சிரத்தையாகச் சொல்கிறார்! பல்லவன் நரசிம்மவர்மன் தாங்கிய மாமல்லன் என்ற விருது, மற்போரில் வல்லவனுக்குரியது.

வாத்தியாருக்குப் பிடியின்மேல் இத்தனை பிரியம் ஏற்பட்டதற்கு அவருடைய தொழிலும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. வெயில் ஏறுமுன் மருந்து கலந்து முடிக்கவேண்டும். பருத்தித் துணி உடுத்தி, வெறுங்காலோடு, ஓர் உராய்வும் ஓர் அதிர்வும் நேராதபடி விரல்களாலேயே பொடியை நிதானமாகக் கலக்கவேண்டும். "அந்த ரூமுக்குள்ள வேகம்ங்கிறதே கூடாது அண்ணாச்சி. பொடி கையில எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டேதான் இருக்கணும். பிடியும் அப்படித்தான், அடிக்கிறவனுக்குக் கண்ணு போதும், புடிக்கிறவனுக்குத் தோலுக்கே புத்தி வேணும்" என்றார்.

அப்படிச் சொன்னவர் தம் இடது கையை என் முன்னே நீட்டினார். இருபது வருஷங்களுக்கு முன் திரி அறையில் பற்றிய தீயில் வெந்த கை அது. தழும்பு இழுத்து, நடுவிரல் முதல் மூன்று விரல்களும் முழுதாக மடங்குவதில்லை. கம்பு சுழற்ற வலது கை இருக்கிறது. அடிக்க அவரால் இன்றைக்கும் முடியும். பிடிக்க முடியாது. தாய்மாமனிடமிருந்து பெற்ற பிடிகள் அத்தனையும் அவருக்கு நினைவில் இருக்கின்றன. அவற்றை வாயால் சொல்லி, பிள்ளைகளின் கைகளைத் தம் வலது கையால் திருத்தி வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறார்.

இவருக்கு இதில் கிடைக்கும் வருமானம் என்ன? ஒன்றுமில்லை, வெடி ஆபீசில் கூலி வாங்கும் தாய்மார்களிடம் காசு கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. ஆனால் அதே தாய்மார்கள் போட்டிக்கு நுழைவுக் கட்டணம், சான்றிதழுக்கு ஒரு தொகை, சீருடைக்கு ஒரு தொகை என்று கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்க்கப்பட்டதும், 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றதும் மெய்யாகவே மகிழத்தக்க செய்திகள். அந்த மகிழ்ச்சியை மூலதனமாக்கிக்கொண்டு, கம்பைத் தொட்டுப் பாராத தரகர்கள் ஊருக்கு ஊர் கிளம்பி, எந்த ஒதுக்கீட்டுக்கும் செல்லாத காகிதங்களை ஏழைகளிடம் விற்பது கொடிய அநியாயம். பட்டாசில் பெட்டிக்கு இவ்வளவு என்று லாபம் எடுக்கும் இடைத்தரகனாவது ஒரு பொருளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறான். இவர்கள் சேர்ப்பது எதுவுமில்லை. பிள்ளைக்கு வித்தை கொடுத்தவனுக்கு ஒரு துண்டு போர்த்தவும் மறந்து, மேடையில் நடுநாற்காலியில் அமர்ந்துகொள்கிறார்கள்.

வாத்தியார் என்னைப்போல் கோபப்படவில்லை. வருகிற பங்குனிப் பொங்கலுக்கு ஊர்க் கோயில் முன்பாகப் பிடிக்கென்றே தனிப் பந்தயம் நடத்தலாம் என்று ஊர்ப் பெரியவர்களிடம் அனுமதி கேட்டு வைத்திருக்கிறார். எதிராளியின் கம்பைப் பறித்தால் ஒன்று, மண்டியிட வைத்தால் இரண்டு, காயப்படுத்தினால் தோல்வி என்று விதிகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் மகளைக்கொண்டு எழுதியிருக்கிறார். யார் மத்தியஸ்தராக நிற்பது என்பதில் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. சாத்தூர்ப் பக்கத்தில் பிடி தெரிந்த கிழவர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆபீசு விடுமுறையில் அவரைப் பார்க்கப் பஸ் ஏறப் போகிறார்.