எழுதியாச்சுன்னு யார் சொன்னது?

இஞ்சினியரிங் படிச்ச நாலு வருஷத்துல பி-ட்ரீ, நார்மலைசேஷன்னு எல்லாத்தையும் உருப்போட்டோம். ஆனா ஒரு கமிட் அடிச்சா உள்ள இருக்குற டிஸ்க் என்ன பாடுபடும்னு யாரும் சொல்லித் தரல. அதை எனக்குப் புரிய வச்சவர் ஒரு மொத்த மருந்து வியாபாரி.

அவர் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எங்களோடது. டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ். 10,000 வரிகளை, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி கமிட்டோட ஏத்துற ஒரு சோதனையை ஓட்டிப் பார்த்தோம். என் மேக் லேப்டாப்ல ரெண்டு மூணு செகண்ட். அவரோட சர்வர்ல கிட்டத்தட்ட ஒன்றரை நிமிஷம்! மனுஷன் சும்மா விடுவாரா? "தம்பி, பேசாம உங்க லேப்டாப்பை இங்கயே வச்சிட்டுப் போயிடுங்க"ன்னுட்டார் :-)

சர்வர்ல ப்ராசஸர், மெமரி எல்லாம் லேப்டாப்பை விட ஒசத்தி. ஆனா உள்ள இருந்தது 7,200 ஆர்பிஎம் சுத்துற டிஸ்க். கணக்கு ரொம்ப சிம்பிள். நிமிஷத்துக்கு 7,200 சுத்துன்னா செகண்டுக்கு 120. ஒரு கமிட்டை எழுதி முடிச்சு அடுத்தது வர்றதுக்குள்ள, லாக்ல எழுத வேண்டிய இடம் ஹெட்டைத் தாண்டிப் போயிடும். அது திரும்பி வர ஒரு முழுச் சுத்து, அதாவது சுமார் 8.3 மில்லிசெகண்ட், காத்திருக்கணும். 10,000-ஐ 120-ஆல வகுத்துப் பாருங்க, 83 செகண்ட். ஆக அந்த சர்வர் மெதுவா இல்ல, நேர்மையா இருந்துச்சு.

அப்ப லேப்டாப்? அதுல எஸ்எஸ்டி, சுத்துற சமாச்சாரமே கிடையாது. ஆனா வேகத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கு. மேக்ல போஸ்ட்கிரஸ் வழக்கமா எழுதுற முறைல, டேட்டா டிரைவோட கேஷ் வரைக்கும் போனாலே 'எழுதியாச்சு'ன்னு பதில் வந்துடும். வாட்ச்மேன் கைல கவரைக் குடுத்துட்டு, 'அய்யாகிட்ட சேர்த்துட்டேன்'னு சொல்ற கதைதான். நிஜமாவே உள்ள போய்ச் சேரணும்னா 'எஃப்சிங்க்_ரைட்த்ரூ'ன்னு செட்டிங்கை மாத்தணும். மாத்தி ஓட்டினேன். வேகம் சரசரன்னு இறங்கிடுச்சு.

ஆபீஸ்ல ஒருத்தர் சுலபமா ஒரு வழி சொன்னார்: "சர்வர்ல எஃப்சிங்க்கை ஆஃப் பண்ணிடுப்பா, பறக்கும்." பறக்கும்தான். நடுவுல கரண்டு போனா கடைசி நாலு பில் மட்டும் இல்ல, மொத்த டேட்டாபேஸுமே பாழாகலாம். பார்ட்டி பில்லோட போயிருப்பார், சரக்கும் போயிருக்கும், கணக்குல மட்டும் ஒண்ணும் இருக்காது. அதனால நான் ஒத்துக்கல. கொஞ்சம் வாக்குவாதம் ஆச்சு. 'சிங்க்ரனஸ் கமிட்'டை மட்டும் ஆஃப் பண்ணா டேட்டாபேஸ் கெடாது, ஆனா கடைசி சில கமிட்கள் காணாமப் போகலாம். பணம் புழங்குற இடத்துல அதுவும் வேண்டாம்னு முடிவு பண்ணோம்.

கடைசியில ரெண்டு வேலை செஞ்சோம். மொத்தமா ஏத்துற வரிகளை ஒரே ட்ரான்சாக்‌ஷனுக்குள்ள போட்டோம், 10,000 கமிட் ஒண்ணாச்சு. பில்லுக்கு அப்படி முடியாது, ஒவ்வொண்ணும் தனி கமிட்தான். அதுக்காக கரண்டு போனாலும் கேஷ்ல இருக்குறதை எழுதி முடிக்க கெபாசிட்டர் வச்ச எஸ்எஸ்டி வாங்கினோம். அது கேஷ்ல வாங்கின உடனே 'எழுதியாச்சு'ன்னு சொன்னாலும் நம்பலாம். சுத்துற டிஸ்க் காலத்துல, பேட்டரி வச்ச ரெய்டு கார்டு இதே வேலையைத்தான் செஞ்சது.

உங்க மெஷின்லயும் பார்க்கணும்னா, போஸ்ட்கிரஸ் கூடவே 'பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்க்'னு ஒரு குட்டி ப்ரோக்ராம் வருது, ஓட்டிப் பாருங்க. பேட்டரி கார்டு எதுவும் இல்லாத 7,200 ஆர்பிஎம் டிஸ்க், செகண்டுக்கு ஆயிரக்கணக்குல எழுதுறேன்னு சொல்லுச்சுன்னா சந்தோஷப்படாதீங்க. நடுவுல யாரோ பொய் சொல்றாங்க.