கேட்டறியும் அளவு

'மூலத்தையே பாருங்கள்' என்பது சுவடிப்பதிப்பு பயிலும் மாணவர்களிடம் நாம் ஓயாமல் சொல்லிவருவது. ஓய்வுநேரங்களில் லினக்ஸ் மூலநிரலைப் படித்துவரும் நமக்கு, அந்த அறிவுரைக்கும் ஓர் எல்லை உண்டெனத் தோன்றுகிறது.

ஒரு கோப்பு முறைமையின் மீது மற்றொன்றை அடுக்கலாம். 2014இல் லினக்ஸ் 3.18 பதிப்பில் இடம்பெற்ற 'ஓவர்லே எஃப்எஸ்' அவ்வகையது. கோப்பின் அளவு, உரிமை, திருத்திய நேரம் ஆகியவற்றைத் தாங்கும் பதிவுக்கு 'ஐநோடு' என்று பெயர். ஓவர்லே தன் ஐநோடை, அடியிலுள்ள உண்மைக் கோப்பின் ஐநோடைப் பார்த்தே நிரப்பிக்கொள்கிறது. பார்க்கும் கணத்தில் அந்தக் கோப்பில் வேறொரு நிரல் எழுதிக்கொண்டிருந்தால்?

அளவு என்பது 64 பிட் எண். 32 பிட் செயலி அதை இரு பாதிகளாகவே படிக்கும். 4294967295 பைட் கொண்ட கோப்பில் ஒரே ஒரு பைட் கூடுகிறது எனக் கொள்வோம். மேற்பாதி 0இலிருந்து 1 ஆகும். கீழ்ப்பாதி முழுதும் 0 ஆகும். பழைய மேற்பாதியும் புதிய கீழ்ப்பாதியும் சிக்கினால் கோப்பு வெறுமை. மாறிச் சிக்கினால் 8589934591 பைட். இரண்டும் அக்கோப்புக்கு ஒருபோதும் இருந்திராத அளவுகள். ஒரு சுவடியின் முன்னடியையும் மற்றொன்றின் பின்னடியையும் ஒட்டினால் பிறக்கும், எந்தப் புலவரும் பாடாத பாடம் போன்றவை இவை.

ஆகவேதான் அளவை நேரே தொடாமல் 'ஐ_சைஸ்_ரீட்' என்னும் அணுகு செயற்கூறின் வழியே கேட்கிறார்கள். பல செயலிகள் கொண்ட 32 பிட் கணினியில், எழுதுபவர் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஒரு வரிசை எண் கூடும். அது ஒற்றைப்படையாயின் படிப்பவர் காத்திருப்பார். படித்து முடிப்பதற்குள் மாறியிருந்தால் மீண்டும் படிப்பார். 64 பிட் கணினியில் அதே செயற்கூறு ஒரே வீச்சில் படித்துத் தந்துவிடும். கேட்பவரின் நிரலில் ஓர் எழுத்தும் மாற வேண்டியதில்லை.

எழுதுவதற்கான 'ஐ_சைஸ்_ரைட்' இன்னும் கண்டிப்பானது. அழைப்பவர் பூட்டைப் பிடித்திருக்க வேண்டும். மேலடுக்கு எழுதுவது தன் ஐநோடில். ஆகையால் கீழடுக்கின் பூட்டை நம்பியிராமல் தன் பூட்டைத் தானே பிடித்தாக வேண்டும். பூட்டின்றி இருவர் ஒருங்கே எழுதினால் வரிசை எண்ணின் ஓர் ஏற்றம் தொலைந்துபோகலாம். எழுதியவர்கள் தம் வழியே போய்விடுவார்கள். பின்னர் படிக்க வருபவர்தான், ஒருபோதும் இரட்டைப்படை ஆகாத எண்ணின் முன் முடிவின்றிச் சுழன்றுகொண்டிருப்பார்.

பதிப்பிக்கும் தொழிலில் உள்ள நாமும் நினைவில் வைக்கத்தக்க செய்தி இது.